கல்யாண வழி கிரீன் கார்டு: மெடிக்கலுக்கு எப்போது போவது?

அமெரிக்காவில் இருந்துகொண்டே கணவர் வழியாகவோ மனைவி வழியாகவோ கிரீன் கார்டுக்குப் போடுகிறவர்கள், ஃபார்ம்களை எல்லாம் நிரப்பிவிட்டுக் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு, அதாவது மெடிக்கலுக்கு, இப்போதே போய்விடலாமா, இல்லை குடியேற்றத் துறையே கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாமா? நாலைந்து வருடம் முன்பு கார்டு வாங்கிய அக்காவோ நண்பரோ இருந்தால், "அவசரமே இல்லை, இன்டர்வியூவுக்குக் கூப்பிடும்போது எடுத்துக்கோ" என்பார்கள். அவர்கள் காலத்தில் அது நல்ல யோசனைதான். இப்போது அதைக் கேட்டு நடந்தால் அனுப்பிய பேக்கெட் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரலாம்.

2024 டிசம்பர் 2-லிருந்து விதி மாறிவிட்டது. மெடிக்கல் ரிப்போர்ட்டான ஐ-693, கிரீன் கார்டு மனுவான ஐ-485-உடன் சேர்ந்தே போக வேண்டும். இல்லையென்றால் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் மனுவை ஏற்காமல் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்புவது வேறு, பரிசீலித்து மறுப்பது வேறு. திருப்பி அனுப்பினால் ஃபீஸ் போகாது, ஆனால் நாள் போய்விடும். மனு போட்ட தேதி என்று ஒன்று பதிவாகாது, அதோடு சேர்த்துப் போட்ட வேலை அனுமதி மனுவும் நகராது. படிப்பு முடித்த மாணவருக்கான வேலை அனுமதியான ஓபிடி முடியப்போகிறது, நாட்டில் தங்கும் கெடுவைச் சொல்லும் ஐ-94 தேதி நெருங்குகிறது என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறவருக்கு அந்த நாலைந்து வாரம் சின்ன விஷயம் இல்லை. எனக்கும் ஓபிடி முடிய மூன்று மாதம்கூட இல்லாத நிலைமையில்தான் போட்டோம், அதனால் அந்தப் பதற்றம் எனக்குத் தெரியும்.

பழைய யோசனைகள் ஏன் இப்படிக் குழப்புகின்றன என்றால், இந்த ஐ-693 ஃபார்மின் ஆயுள் பற்றிய விதியை யுஎஸ்சிஐஎஸ் அடிக்கடி மாற்றியிருக்கிறது. முன்பு டாக்டர் கையெழுத்துப் போட்ட 60 நாளுக்குள் மனு போட வேண்டும், கையெழுத்துத் தேதியிலிருந்து இரண்டு வருடம் செல்லும் என்று இருந்தது. மனு இரண்டு வருடம் இழுத்தால் மறுபடி காசு கட்டி மறுபடி ஊசி, அதனால்தான் எல்லோரும் கடைசி வரை தள்ளிப்போட்டார்கள். அந்த 60 நாள் விதியை 2023 மார்ச் 31-ல் எடுத்துவிட்டார்கள். அப்புறம் 2024 ஏப்ரலில், 2023 நவம்பர் 1-லிருந்து கையெழுத்தான ரிப்போர்ட்டுக்குக் காலாவதியே இல்லை என்றார்கள். 2025 ஜூன் 11-ல் அதையும் சுருக்கி, எந்த மனுவோடு அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தீர்களோ அந்த மனு நிலுவையில் இருக்கும் வரைதான் அது செல்லும் என்று மாற்றினார்கள். மனுவை நீங்கள் வாபஸ் வாங்கினாலும் அவர்கள் மறுத்தாலும் ரிப்போர்ட்டும் அதோடு போய்விடும். அடுத்த மனுவுக்குப் புதிதாக எடுக்க வேண்டும். ஆபீஸ் வழியாக முன்பு ஒரு ஐ-485 போட்டு அது மறுக்கப்பட்டு, இப்போது கல்யாணமாகி மறுபடி போடுகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டின் நகலை வைத்து ஒப்பேற்ற முடியாது.

அப்போ எப்போதுதான் போவது? மற்ற எல்லாத் தாள்களும் முக்கால்வாசி தயாரானதும் போங்கள். பேக்கெட்டைத் தபாலில் சேர்க்க நினைக்கும் நாளுக்கு ஏறக்குறைய ஐந்து வாரம் முன்பு அப்பாயின்ட்மென்ட் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் நிம்மதி. ரொம்ப முன்னாடியே எடுத்து வைப்பதிலும் லாபமில்லை. ஃபார்மின் பதிப்பு மாறலாம், தடுப்பூசிப் பட்டியல் மாறலாம், உங்கள் உடல்நிலை மாறியிருக்கும் என்று ஆபீசருக்குச் சந்தேகம் வந்தால் புதிது கேட்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. கோவிட் ஊசியையே பாருங்கள், 2021-ல் பட்டியலில் சேர்த்தார்கள், 2025 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். துணைவர் குடியுரிமை பெற்றவர் இல்லை, கிரீன் கார்டுதான் வைத்திருக்கிறார் என்றால் யாருடைய முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டினில் உங்கள் தேதி வரும் வரை ஐ-485 போடவே முடியாது. தேதி நெருங்குகிறது என்று தெரிந்த பிறகு மெடிக்கலைப் பற்றி யோசித்தால் போதும்.

ஆனால் மெடிக்கலுக்குப் போகும் நாள் வேறு, அதற்கான வேலையைத் தொடங்கும் நாள் வேறு. வேலையை இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். முக்கியமாகத் தடுப்பூசி.

நம் ஊரில் பிறந்து வளர்ந்த பெரியவர்களில் எத்தனை பேரிடம் தடுப்பூசி அட்டை இருக்கிறது? "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று அம்மா சொல்வதை இங்கே கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எழுத்தில், தேதியோடு, டாக்டரோ ஆஸ்பத்திரியோ பதிந்த ஆதாரம் வேண்டும். என் அம்மா பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு அட்டையைத் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஊதா நிற முத்திரை பாதி அழிந்து, பெயர் இருக்கும் இடத்தில் "பேபி ஆஃப்" என்று போட்டு அம்மாவின் பெயர் மட்டும் இருந்தது. காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி, முத்தடுப்பு, போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை ஊசி என நான்கும் தேதியோடு இருந்தும், குழந்தை பெயர் இல்லாததால் டாக்டர் அதை ஏற்கவில்லை. உங்கள் அட்டை நல்ல நிலையில் இருந்தாலும், தமிழில் எழுதியிருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடு கொண்டுபோங்கள்.

அட்டை இல்லை என்றால் இரண்டு வழி. மறுபடி ஊசி போட்டுக்கொள்ளலாம், அல்லது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கலாம். இந்தப் பரிசோதனையை டைட்டர் என்பார்கள். சின்ன வயதில் அம்மை போட்டு, வேப்பிலை கட்டி, மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடித்த நம்மில் பலருக்கு டாக்டர் சீட்டு என்று ஒன்று இருக்கவே இருக்காது. ஆனால் ரத்தத்தில் அதன் தடயம் இருக்கும். எனக்குச் சின்னம்மைக்கு டைட்டர் பாசிட்டிவ் வந்தது, ஒரு ஊசி மிச்சம். ஹெபடைட்டிஸ் பி, தட்டம்மை-பொன்னுக்கு வீங்கி-ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர், இவற்றுக்கும் டைட்டர் பார்க்கலாம். இதையெல்லாம் குடும்ப டாக்டரிடமே முடித்துக்கொள்ளுங்கள். ஊசிகளுக்குப் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கொடுத்துவிடும். கிரீன் கார்டு மெடிக்கல் செய்யும் டாக்டரிடம் போட்டால் ஒவ்வொன்றுக்கும் கையிலிருந்துதான் காசு போகும்.

பெரியவர்களுக்குப் பொதுவாகப் பார்ப்பவை எம்எம்ஆர், சின்னம்மை, டெட்டனஸ்-டிப்தீரியா-கக்குவான் சேர்ந்த டிடாப், 60 வயதுக்குக் கீழே என்றால் ஹெபடைட்டிஸ் பி. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை மெடிக்கலுக்குப் போனால் ஃப்ளூ ஊசியும் உண்டு, அந்த மாதங்களுக்கு வெளியே போனால் கேட்க மாட்டார்கள். வயதைப் பொறுத்துப் பட்டியல் கூடும் குறையும், அதனால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே உங்கள் வயதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி மூன்று தவணை, ஆறு மாதம் ஆகும், அதுவரை காத்திருக்க வேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வேண்டாம். அந்தந்த நோய்க்கு ஒரு டோஸ் போட்டுவிட்டால், அடுத்ததற்கு இன்னும் இடைவெளி வரவில்லை என்று டாக்டர் ஃபார்மில் குறித்துக் கையெழுத்துப் போடலாம்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பலருடைய கணக்கு தவறுவது இந்த இடத்தில்தான். எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை. இரண்டையும் ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் இடையில் 28 நாள் விட வேண்டும். அதுமட்டுமில்லை, மெடிக்கலில் காசநோய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, அதற்கும் இந்த ஊசிகளுக்கும் தொடர்பு இருக்கிறது. ஊசி போட்ட அதே நாளில் ரத்தம் எடுக்கலாம், அந்த நாள் தவறினால் நாலு வாரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். முன்கூட்டியே எல்லாம் செய்துவிடுவோம் என்று நல்லெண்ணத்தில் செவ்வாய்க்கிழமை எம்எம்ஆர் போட்டுக்கொண்டு சனிக்கிழமை மெடிக்கலுக்குப் போன என் தோழியை, நாலு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆகவே இந்த ஊசிகளை ஒன்று மெடிக்கலுக்கு ஒரு மாதத்துக்கும் முன்பே முடியுங்கள், இல்லை அந்த நாளன்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கல்யாணமானவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கும். கர்ப்பமாக இருந்தால் இந்த இரண்டு ஊசியும் போடக் கூடாது. போட்டுக்கொண்டால் அடுத்த ஒரு மாதத்துக்குக் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். ஏற்கெனவே கர்ப்பம் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருத்துவக் காரணத்தால் இப்போது பொருந்தாது என்று அவர் குறித்துவிடுவார், அதனால் கிரீன் கார்டு நிற்காது. குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கும் தம்பதிகள், மனு வேலை தொடங்கும்போதே இதைப் பற்றித் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, காசநோய். 2018 அக்டோபரிலிருந்து கையில் கொப்புளம் எழுப்பிப் பார்க்கும் பழைய முறை போய், இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐஜிஆர்ஏ என்ற ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. நமக்கு இது நல்ல மாற்றம். தோள்பட்டையில் பிசிஜி தழும்பு இருக்கும் நமக்கெல்லாம் அந்தப் பழைய டெஸ்ட் சும்மாவே பாசிட்டிவ் காட்டும், ஐஜிஆர்ஏ பிசிஜியால் ஏமாறாது. ஆனாலும் காசநோய் நிறைய இருக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு, எப்போதோ உள்ளே போன கிருமி நோயாக மாறாமல் தூங்கிக்கொண்டிருப்பதால் பாசிட்டிவ் வரலாம். எனக்கு வந்தது. வியாழக்கிழமை மாலை காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது, "காசநோய் டெஸ்ட் பாசிட்டிவ், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்" என்று அந்தப் பெண் சொன்னதும் கத்தியை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அளவு பயப்பட அதில் ஒன்றுமில்லை என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

பாசிட்டிவ் வந்தால் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, இருமல், காய்ச்சல், எடை குறைதல் மாதிரி அறிகுறி இல்லை என்றால் அது மறைந்திருக்கும் காசநோய்த் தொற்று மட்டுமே. டாக்டர் உள்ளூர்ச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்துவிட்டு ஃபார்மில் கையெழுத்துப் போட்டுவிடலாம், கிரீன் கார்டுக்கு அது தடையில்லை. பிற்காலத்தில் நோயாக மாறாமலிருக்க மாத்திரை சாப்பிடுவது பற்றிப் பிறகு உங்கள் டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள், அது உங்கள் உடம்புக்காக. எனக்கு எக்ஸ்ரே திங்கட்கிழமை, ரிப்போர்ட் புதன்கிழமை, கையெழுத்து வெள்ளிக்கிழமை. நினைத்ததைவிட ஒன்றரை வாரம் தள்ளிப்போனது.

எக்ஸ்ரேயில் நிழல் ஏதாவது தெரிந்தால்தான் உண்மையான தாமதம். சளியை மூன்று முறை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க மட்டும் எட்டு வாரம் வரை ஆகும். அதுவரை ஃபார்ம் கைக்கு வராது. முன்பு எப்போதாவது காசநோய் வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டவர்கள், அந்தச் சிகிச்சைச் சீட்டும் பழைய எக்ஸ்ரே படமும் ஊரிலிருந்து வரவழைக்காமல் மெடிக்கலுக்குப் போகவே வேண்டாம். பழைய தழும்பையும் புதிய நோயையும் பிரித்துப் பார்க்க டாக்டருக்கு அதுதான் உதவும். இப்படி ஒரு சரித்திரம் இருந்தால் நான் சொன்ன ஐந்து வாரக் கணக்கை மூன்று மாதமாக்கிக்கொள்ளுங்கள்.

எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் போக முடியாது என்பது தெரிந்திருக்கும். யுஎஸ்சிஐஎஸ் நியமித்த சிவில் சர்ஜனிடம்தான் போக வேண்டும், அவர்களுடைய இணையதளத்தில் ஜிப் கோடு போட்டுத் தேடலாம். ஃபீஸை அரசு நிர்ணயிப்பதில்லை, ஒரே ஊரில் ஒருவர் கேட்பதைப்போல இரண்டு மடங்கு இன்னொருவர் கேட்பார். மூன்று இடத்துக்காவது போன் செய்யுங்கள். ரத்தப் பரிசோதனை சேர்த்தா தனியா, எக்ஸ்ரே தேவைப்பட்டால் எங்கே எடுப்பது, ரிசல்ட் வந்த பிறகு ஃபார்ம் கைக்கு வர எத்தனை நாள், திருத்தம் வந்தால் மறுபடி காசா, இவ்வளவையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். "எத்தனை நாள்" என்பதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடம் விலை குறைவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அன்றைக்குப் பாஸ்போர்ட், ஊசி ஆதாரம், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் எடுத்துப் போங்கள். ஃபார்மில் உங்கள் பகுதியை நிரப்பி வைக்கலாம், கையெழுத்து மட்டும் டாக்டர் சொல்லும்போது அவர் முன்னால்தான். 18 முதல் 44 வயது வரை சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையும், 18 முதல் 24 வரை கொனோரியாவுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையும் எல்லோருக்கும் உண்டு. மாமியாரோடு கிளினிக்குக்குப் போய் இதைக் கேட்டு முகம் வெளிறியவர்கள் உண்டு, உங்களைச் சந்தேகப்பட்டு எடுப்பதில்லை, அந்த வயதில் யார் போனாலும் எடுப்பார்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், இந்தப் பரிசோதனையில் அவை தகுதியிழப்புக்கான காரணம் இல்லை. எச்ஐவியும் 2010 ஜனவரியிலேயே அந்தப் பட்டியலிலிருந்து போய்விட்டது. கஞ்சா விஷயம் மட்டும் வேறு. நீங்கள் இருக்கும் மாநிலத்தில் அது சட்டப்படி சரியாக இருந்தாலும் குடியேற்றம் மத்திய அரசின் சட்டத்தின்கீழ் வருகிறது. அந்தப் பழக்கம் இருந்தாலோ, குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதான வழக்கு இருந்தாலோ, மெடிக்கலுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கும் முன் ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள். டாக்டரிடம் பொய் சொல்வது இன்னும் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும்.

கல்யாணம் நிச்சயமானவருக்குத் தரும் கே-1 விசாவில் வந்து இங்கே கல்யாணம் செய்தவர்கள் ஊரிலேயே மெடிக்கல் எடுத்திருப்பீர்கள். அது முடிந்து ஒரு வருடத்துக்குள் ஐ-485 போட்டால், அதில் தகுதியிழப்பு எதுவும் வராத பட்சத்தில் முழுப் பரிசோதனை மறுபடி தேவையில்லை, ஊசிப் பகுதி முடியாமல் இருந்தால் அதற்கு மட்டும் சிவில் சர்ஜனிடம் போனால் போதும். அந்த ஒரு வருடத்தை நழுவ விடாதீர்கள்.

துணைவர் இன்னும் ஊரில் இருந்து, தூதரகம் வழியாக வருகிறார் என்றால் மேலே சொன்ன கணக்கு அப்படியே தலைகீழ். அவர் இன்டர்வியூ தேதி வந்த பிறகுதான் தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம் போக வேண்டும், வந்ததும் தள்ளிப்போடாமல் போக வேண்டும். அந்த மெடிக்கல் பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும். விசா முடியும் தேதியும் அதை ஒட்டித்தான் போடுவார்கள். ஆர்வத்தில் சீக்கிரம் எடுத்தால், விசா கைக்கு வரும்போது பயணத்துக்கு மிஞ்சும் நாள் குறைவாக இருக்கும்.

கடைசியாக உறை. ரிப்போர்ட்டை ஒட்டி மூடிய உறையில்தான் தருவார்கள், அதை வீட்டில் பிரித்துவிட்டால் செல்லாது. அதனால் பார்க்க வேண்டியதை எல்லாம் ஒட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். எனக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் கிடையாது. கவுன்டரில் ஒட்டின உறையை நீட்டினார்கள், என்னுடைய நகலைக் கேட்டு அங்கேயே நின்று புரட்டினேன். முதல் பக்கத்தில் என் பெயர் குடும்பப் பெயருக்கான இடத்தில் இருந்தது, ஐந்தாம் பக்கத்தில் அதே பெயர் முதல் பெயருக்கான இடத்தில் இருந்தது, டாக்டர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியே இல்லை. உறையைக் கிழித்து மறுபடி அச்சடித்து, டாக்டர் இரண்டு நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட நாற்பது நிமிடம் ஆனது. நம்மில் இனிஷியலோடு, ஒற்றைப் பெயரோடு இருப்பவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன், ஐ-485-ல் பெயரை எப்படி எழுதியிருக்கிறீர்களோ அதை ஒரு தாளில் அச்சடித்து எடுத்துப்போய் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பிறந்த தேதி, ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், ஊசித் தேதிகள், டாக்டர் கையெழுத்து, அதன் பக்கத்தில் தேதி, உங்கள் கையெழுத்து, ஃபார்மின் அடியில் இருக்கும் பதிப்புத் தேதி யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, இவ்வளவையும் அந்தக் கவுன்டரிலேயே நின்று பாருங்கள். பின்னால் வரிசையில் ஆள் நின்றாலும் பரவாயில்லை. அப்புறம் உறையை ஒட்டச் சொல்லி வாங்கி, மடக்காமல் ஐ-485-க்குப் பின்னால் வைத்து, நகலை வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.